தைராய்டு புற்றுநோய் சிகிச்சையும் கண்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழுத்தில் வந்த நோய்க்குச் சிகிச்சை எடுத்தால் கண் ஏன் பாதிக்கப்படுகிறது?

முக்கியக் காரணம் கதிரியக்க அயோடின். தைராய்டை அகற்றிய பிறகு, மிச்சம் மீதி செல்களை அழிக்க அயோடின்-131 மாத்திரையாகவோ திரவமாகவோ தரப்படுகிறது. தைராய்டு செல்கள் அயோடினை உள்ளே இழுத்துக்கொள்வதற்கு அவற்றின் மேல் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. அதே புரதம் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் உண்டு. கண்ணின் உள்மூலையில் இருக்கும் கண்ணீர்ப்பையிலும், அங்கிருந்து மூக்குக்குள் இறங்கும் கண்ணீர் நாளத்தின் உட்சுவரிலும் உண்டு. போதாக்குறைக்கு, ரத்தத்தில் சுற்றும் அயோடினில் ஒரு பங்கு கண்ணீரிலும் கலந்து அதே வழியாக வடிகிறது.

அயோடின்-131 வெளியிடும் பீட்டா கதிர், திசுவுக்குள் அதிகம் போனால் 2 மில்லிமீட்டர் போகும். புற்றுநோய் செல்லை அழிக்க அது வசதி. ஆனால் நாளமே சில மில்லிமீட்டர் அகலம்தான். உட்சுவர் முதலில் வீங்குகிறது, பிறகு தழும்பாகிறது, கடைசியில் வழி சுருங்கி அடைபடுகிறது.

அயோடினைத் தவிர, முற்றிய நோய்க்குத் தரப்படும் சில மாத்திரைகளும், கழுத்து அறுவையும், அறுவைக்குப் பின் குறையும் கால்சியமும் கண்ணைத் தொடக்கூடும். அவற்றுக்குத் தனிக் கேள்விகள் கீழே உள்ளன.

யாருக்கு ஆபத்து அதிகம்?

மொத்தமாக எவ்வளவு அயோடின் உடலுக்குள் போயிருக்கிறது என்பதுதான் முதல் கணக்கு. 30 மில்லிகியூரி (கதிரியக்க அளவின் அலகு; 1.1 கிகாபெக்கரல்) மட்டும் எடுத்தவர்களுக்கு நாள அடைப்பு வருவது அபூர்வம். வெளியான நோயாளி விவரங்களில் பெரும்பாலானவர்கள் 150 மில்லிகியூரிக்கு மேல், ஒரே தடவையிலோ பல தடவை சேர்ந்தோ, எடுத்தவர்கள். வயது கூடக் கூட நாளம் இயல்பாகவே குறுகுவதால் நடுவயதைத் தாண்டியவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஏற்கெனவே கண்ணில் நீர் வடிபவர்கள், நாள்பட்ட சைனஸ் அழற்சி உள்ளவர்கள், மூக்கில் அறுவை செய்துகொண்டவர்கள் இதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

தடுக்க முடியுமா, நேராகச் சொல்லுங்கள்.

முழுமையாகத் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்தோ சொட்டோ கிடையாது. செயற்கைக் கண்ணீர், அதிகத் தண்ணீர் எல்லாம் நியாயமான யோசனைகள், கெடுதல் இல்லாதவை, ஆனால் பெரிய ஆய்வுகளின் ஆதாரம் அவற்றுக்கு இல்லை. எங்கள் கணிப்பில் உண்மையான தடுப்பு இரண்டே: தேவைக்கு மேல் அயோடின் எடுக்காமல் இருப்பது, நீர் வடியத் தொடங்கினால் நாளம் முழுதாக மூடுவதற்குள் பார்த்துவிடுவது.

முதல் விஷயத்தில் ஆதாரம் வலுவானது. 2012-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், ஆபத்து குறைந்த நோயாளிகளிடம் மிச்சத் தைராய்டை அழிக்க 100 மில்லிகியூரி செய்யும் வேலையை 30 மில்லிகியூரியே செய்துவிடுகிறது என்று காட்டின. 2022-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு இன்னும் ஒரு படி போனது: ஆபத்து குறைந்தவர்களில் அயோடினே எடுக்காமல் கண்காணிப்பில் இருந்தவர்கள், 30 மில்லிகியூரி எடுத்தவர்களைவிட முதல் 3 ஆண்டுகளில் மோசமாகிவிடவில்லை.

ஆகவே அயோடின் தரும் அணு மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: "என் நோய் எந்த ஆபத்துப் பிரிவில் வருகிறது? எனக்கு அயோடின் எதற்காக? இந்த அளவு ஏன்?" பரவிய நோய்க்கு அதிக அளவு தேவைப்படலாம். அப்போது கண்ணுக்குப் பயந்து அளவைக் குறைக்கச் சொல்லி வற்புறுத்துவது தவறு. அடைபட்ட நாளத்தைச் சரிசெய்ய வழி இருக்கிறது.

தைரோஜென் ஊசி போட்டுக்கொண்டால் கண்ணுக்கு நல்லதா?

அயோடினுக்கு முன் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவை 30-க்கு மேல் உயர்த்த வேண்டும். அதற்கு இரண்டு வழி. தைராய்டு மாத்திரையை 3 முதல் 4 வாரம் நிறுத்துவது ஒன்று. அடுத்தடுத்த இரண்டு நாள் 0.9 மில்லிகிராம் தைரோஜென் (செயற்கை டி.எஸ்.எச்.) ஊசி போட்டு மூன்றாம் நாள் அயோடின் எடுப்பது மற்றொன்று. மாத்திரையை நிறுத்தினால் சிறுநீரகம் மந்தமாகும், அயோடின் உடலில் கூடுதல் நேரம் தங்கும், இமையும் கண்ணைச் சுற்றிய பகுதியும் உப்பும். ஊசி வழியில் உடலின் மற்ற பாகங்கள் வாங்கும் கதிர்வீச்சு குறைவு. இதனால் கண்ணீர் நாளம் காப்பாற்றப்படுகிறது என்று தனியாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் இரண்டில் எதுவும் சரி என்று மருத்துவரே சொல்லும் நிலையில் ஊசிப் பக்கம் சாய இது ஒரு காரணம்.

இமை உப்பியிருப்பது தற்காலிகம்தான். மாத்திரையை மறுபடி தொடங்கிய சில வாரங்களில் வடிந்துவிடும்.

அயோடின் எடுக்கும் முன் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

எல்லோருக்கும் கட்டாயமில்லை. 100 மில்லிகியூரிக்கு மேல் எடுக்கப்போகிறவர்கள், இரண்டாவது தடவை எடுப்பவர்கள், கண்ணில் ஏற்கெனவே வறட்சியோ நீர் வடிதலோ இருப்பவர்கள், கிரேவ்ஸ் நோய் (தைராய்டு அதிகம் சுரக்கும், கண்ணையும் தாக்கக்கூடிய நோய்) இருந்தவர்கள் ஒருமுறை பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். கண்ணீர்ச் சுரப்பு எவ்வளவு, நாளம் திறந்திருக்கிறதா என்பது அன்றைக்கே எழுதிவைக்கப்பட்டால், ஓராண்டு கழித்துச் சந்தேகம் வரும்போது ஒப்பிட ஏதாவது இருக்கும்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று: கண் அறுவைக்கு முன் கண்ணையும் இமையையும் கழுவப் பயன்படும் போவிடோன் அயோடின். கதிரியக்க அயோடினுக்கு முன் சொல்லப்படும் அயோடின் குறைந்த உணவுமுறையை 1 முதல் 2 வாரம் ஒழுங்காகப் பின்பற்றிவிட்டு, நடுவில் புரை அறுவை செய்துகொண்டால் அந்தக் கட்டுப்பாட்டையே கெடுத்துக்கொள்கிறோம். அயோடின் கலந்த ஸ்கேன் சாயமும் அப்படியே. அதற்குப் பிறகு பொதுவாக 6 முதல் 8 வாரம் இடைவெளி விடுவார்கள். கண் பரிசோதனையில் விடும் மஞ்சள் சாயமான ஃபுளோரசினில் அயோடின் இல்லை, அதற்குப் பயப்பட வேண்டாம்.

வறட்சிக்காகக் கண்ணீர்த் துளையில் (இமையோரத்தில் கண்ணீர் வடியும் துளை) அடைப்பான் பொருத்தியிருந்தால், அதை என்ன செய்வது என்று அயோடினுக்கு முன்பே கண் மருத்துவரிடம் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அயோடின் எடுத்தபின் தங்கும் தனிமை அறையில் கண்ணுக்கு என்ன செய்யலாம்?

தைராய்டு இல்லாத உடலிலிருந்து அயோடினின் பெரும்பகுதி முதல் 2 நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடும். அந்த 2, 3 நாள்தான் முக்கியம்.

இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருந்தால் தினம் 2 முதல் 3 லிட்டர் தண்ணீர் குடிக்கலாம். இரவிலும் எழுந்து சிறுநீர் கழிப்பது நல்லது.

செயற்கைக் கண்ணீர் பயன்படுத்துவதானால், பதப்படுத்தி சேர்க்காத, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு குழல்களை வாங்கிக்கொண்டு போங்கள். பெரிய பாட்டில் வேண்டாம். அதில் பெரும்பாலும் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி இருக்கும். நாளுக்கு 4 தடவைக்கு மேல் விட்டால் அதுவே கருவிழியின் மேற்பரப்பை அரிக்கும். பாட்டில் முனை கண்ணீரில் பட்டால் பாட்டிலே கதிரியக்கப் பொருளாகிவிடும், வீட்டுக்குக் கொண்டுவர முடியாது.

விடும் முறை: கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கீழிமையை மெல்ல இழுத்து, அந்தக் குழியில் ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும், உள்ளே நிற்காது. விழித்திருக்கும் நேரத்தில் 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். கிளாகோமா சொட்டு விடும்போது கண்ணின் உள்மூலையை அழுத்திப் பிடிக்கச் சொல்வார்கள். இங்கே அது வேண்டாம். நாளம் வழியாக நீர் ஓடித் தேக்கம் நீர்த்துப்போவதைத்தானே எதிர்பார்க்கிறோம். வேறு சொட்டு மருந்தும் இருந்தால் 5 நிமிட இடைவெளி விட்டு அதை விடுங்கள். வழியும் நீரைக் கைக்குட்டையிலோ துண்டிலோ துடைக்காமல், டிஷ்யூ தாளால் ஒற்றி அறையின் தனிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். பிறகு மறுபடி கை கழுவுங்கள்.

கண்ணைக் கசக்காதீர்கள். வியர்வை, உமிழ்நீர், சிறுநீர் எல்லாவற்றிலும் அயோடின் இருக்கும் நாட்கள் அவை.

காண்டாக்ட் லென்ஸ் போடலாமா?

வேண்டாம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். லென்ஸ் கண்ணீரில் ஊறியே இருக்கிறது, அயோடின் அதில் தங்கும். கழற்றி வைக்கும் டப்பாவும் திரவமும் கூட மாசுபடும். எப்போது மறுபடி போடலாம் என்பதை வீடு திரும்பும்போது எழுதித் தரச் சொல்லுங்கள். போடும்போது புது லென்ஸ், புது டப்பா.

எலுமிச்சை மிட்டாய் சப்பினால் கண்ணுக்கும் பாதுகாப்பா?

இல்லை. அது உமிழ்நீர்ச் சுரப்பிக்காகச் சொல்லப்படுவது. எப்போது தொடங்குவது என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை கருத்து வேறுபடும்.

சிகிச்சை முடிந்து பல மாதம் ஆகிவிட்டது. இப்போது கண்ணில் நீர் வழிகிறது. சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். இதுதான் அதிகம் தவறவிடப்படும் இடம். நாள அடைப்பு அயோடின் எடுத்த வாரத்தில் தெரியாது. பெரும்பாலும் 3 மாதத்துக்குப் பிறகு, சிலருக்கு ஓராண்டையும் தாண்டி வெளிப்படும். அதற்குள் நோயாளி அயோடினையே மறந்திருப்பார். கண் மருத்துவரிடம் "நீர் வடிகிறது" என்று மட்டும் சொன்னால் அலர்ஜி சொட்டு எழுதித் தரப்படும், அதை மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருப்பார். அந்த மாதங்களில்தான் சுருங்கிய வழி முழுதாக மூடுகிறது. எனவே முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: "தைராய்டு புற்றுநோய்க்காக இந்த மாதம், இந்த ஆண்டு, இத்தனை மில்லிகியூரி கதிரியக்க அயோடின் எடுத்தேன்." டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொண்டுபோங்கள்.

வீட்டிலேயே சிலவற்றைக் கவனிக்கலாம். காற்று, மின்விசிறி, கணினித் திரை முன் மட்டும் நீர் வருகிறது, கூடவே மணல் விழுந்ததுபோல உறுத்துகிறது என்றால் வறட்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்த கண் எரிச்சலில் நீரைக் கொட்டுகிறது. வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நீர் தேங்கி உள்மூலையிலிருந்து கன்னத்தில் வழிகிறது, காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது, மூக்கோரத்தில் மெல்ல அழுத்தினால் சளிபோல எதிர்த்து வருகிறது என்றால் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும். வறட்சியும் அடைப்பும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அதைத் தீர்மானிக்கப் பரிசோதனைதான் வழி.

என்ன பரிசோதனைகள் செய்வார்கள்?

ஷிர்மர் சோதனையில் கீழிமையில் ஒரு வடிதாள் பட்டையை 5 நிமிடம் மாட்டி வைப்பார்கள். 10 மில்லிமீட்டருக்குக் குறைவாக நனைந்தால் சுரப்பு குறைவு என்று எண்ணலாம். 5-க்கும் கீழே என்றால் வறட்சி கடுமை. அடுத்து, கண்ணில் ஒரு சொட்டு ஃபுளோரசின் விட்டு 5 நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். சாயம் இன்னும் தேங்கி நின்றால் வடிகால் சரியில்லை. பிறகு கண்ணீர்த் துளை வழியாக மழுங்கிய ஊசியால் உப்பு நீரைச் செலுத்துவார்கள். தொண்டையில் உப்புக் கரித்தால் வழி திறந்திருக்கிறது, துளை வழியாகவே திரும்பி வந்தால் எங்கோ அடைப்பு. அயோடினால் வரும் அடைப்பு நாளத்தில் மட்டுமல்லாமல், துளைக்குப் பக்கத்திலுள்ள நுண்குழல்களிலும் இருக்கலாம். இடம் தெரிந்தால்தான் எந்த அறுவை என்று முடிவாகும்.

அடைப்பு என்று உறுதியானால்?

சுருக்கம் மட்டும் இருக்கும் நிலையில் பிடித்துவிட்டால் மெல்லிய சிலிக்கான் குழாயை வழியில் நுழைத்துச் சில மாதங்கள் விட்டுவைப்பார்கள். அது வழியைத் திறந்தே வைத்திருக்கும். முழுதாக மூடியிருந்தால் டி.சி.ஆர். அறுவை: கண்ணீர்ப்பைக்கும் மூக்குக்கும் இடையே எலும்பில் புதுத் திறப்பு செய்யப்படும், வெளியிலிருந்தோ மூக்குவழி எண்டோஸ்கோப்பிலோ. நுண்குழல்களே அழிந்திருந்தால் கண்ணிலிருந்து மூக்குக்கு நிரந்தரக் கண்ணாடிக் குழாய் வைக்க நேரும். அதைப் பராமரிப்பது தொல்லை. சீக்கிரம் வரச் சொல்வது இதனால்தான். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதலும் இந்த அடைப்புக்கு அறுவையைப் பரிசீலிக்கச் சொல்கிறது. நீர் வழிவது மட்டுமல்ல, தேங்கிய நீரில் தொற்று வருவதும் காரணம்.

உள்மூலைக்குக் கீழே சிவந்து வீங்கி வலித்தால் அது கண்ணீர்ப்பைத் தொற்று. அழுத்திச் சீழ் எடுக்கப் பார்க்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள். காய்ச்சல், இரட்டையாகத் தெரிதல், பார்வை மங்கல் சேர்ந்தால் அவசர சிகிச்சைப் பிரிவு.

வறட்சி மட்டும்தான் என்றால்?

பதப்படுத்தி இல்லாத சொட்டு நாளுக்கு 4 முதல் 6 தடவை, இரவில் களிம்பு. திரை முன் அடிக்கடி முழுதாக இமைக்க வேண்டும். அரைகுறை இமைப்பில் கருவிழியின் கீழ்ப்பாதி காய்கிறது. குளிர்சாதனக் காற்று முகத்தில் நேராக அடிக்க வேண்டாம். அலர்ஜி மாத்திரைகளில் பல கண்ணீரைக் குறைக்கும், பட்டியலைச் சரிபாருங்கள். ஒரு எச்சரிக்கை: வறட்சிக்குக் கண்ணீர்த் துளை அடைப்பான் பரிந்துரைக்கப்பட்டால், முதலில் நாளம் திறந்திருக்கிறதா என்று உப்பு நீர் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே அடைபட்ட பையை மேலேயும் அடைத்தால் நடுவில் சீழ்தான் சேரும்.

எனக்கு கிரேவ்ஸ் நோயால் கண் பிதுங்கியிருந்தது. இப்போது புற்றுநோய்க்கு அயோடின் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் திட்டமிட்டு. அயோடின் இந்தக் கண் நோயைக் கிளறிவிடக்கூடும். புகைபிடிப்பவர்களுக்கும், கண் அழற்சி இப்போதும் சூடாக இருப்பவர்களுக்கும் அதிகமாக. புகையை நிறுத்துவதுதான் நோயாளியின் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம். கிரேவ்ஸுக்கே அயோடின் தரும்போது, கண்ணில் லேசான அழற்சி உள்ளவர்களுக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.3 முதல் 0.5 மில்லிகிராம் என்று தொடங்கி சுமார் 3 மாதத்தில் படிப்படியாகக் குறைப்பது வழக்கம். புற்றுநோயாளிகளுக்கும் மருத்துவர்கள் இதே வழியை யோசிக்கிறார்கள். சர்க்கரை நோய் இருந்தால் முன்பே சொல்லுங்கள். மாத்திரை நிறுத்தி டி.எஸ்.எச். நெடுநாள் உயர்ந்தே இருப்பதும் கண்ணுக்கு ஆகாது. அயோடின் முடிந்ததும் தைராக்சின் (தைராய்டு) மாத்திரையைத் தாமதமில்லாமல் தொடங்க வேண்டும்.

முற்றிய நோய்க்கு இலக்கு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

மருந்துக்கு மருந்து வேறு. லென்வாடினிப், சொராஃபெனிப், கபோசான்டினிப் ஆகியவை ரத்த அழுத்தத்தை ஏற்றும். லென்வாடினிப் தொடங்கினால் 1 வாரம் கழித்து ஒருமுறை, பிறகு முதல் 2 மாதம் 2 வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் மாதம் ஒருமுறையாவது அழுத்தம் பார்க்க வேண்டும். வீட்டிலேயே பார்ப்பது இன்னும் நல்லது. கடும் தலைவலியோடு பார்வை மங்கினால் காத்திருக்கக் கூடாது.

மெடுலரி என்ற தைராய்டு புற்றுநோய் வகைக்குத் தரப்படும் வான்டெடானிப் கருவிழியில் நுண்ணிய படிவுகளை உண்டாக்கலாம். விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். வெயிலில் தோலும் எளிதில் பாதிக்கப்படும் என்பதால் குளிர்கண்ணாடி அவசியம்.

அனப்பிளாஸ்டிக் வகைக்குத் தரும் டப்ராஃபெனிப், டிராமெடினிப் ஜோடியில் கூடுதல் உஷார் தேவை. டப்ராஃபெனிப் கண்ணுக்குள் அழற்சியைக் கொண்டுவரலாம்: சிவப்பு, வலி, வெளிச்சம் கூசுதல். டிராமெடினிப் விழித்திரைக்கு அடியில் நீர் கோக்க வைக்கலாம், அரிதாக விழித்திரைச் சிரையை அடைக்கலாம். ஒவ்வொரு கண்ணாக மூடி, கதவுச் சட்டம் போன்ற ஒரு நேர்கோட்டைத் தினமும் பாருங்கள். கோடு வளைந்தாலோ நடுவில் மங்கினாலோ 24 மணி நேரத்துக்குள் விழித்திரை மருத்துவர் பார்க்க வேண்டும். நீர்க்கோப்பு என்றால் மருந்தை இடைநிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். சிரை அடைப்பு என்றால் டிராமெடினிப்பை நிரந்தரமாக நிறுத்திவிடுவார்கள்.

அறுவைக்குப் பிறகு ஒரு கண் இமை தொங்குகிறது. ஏன்?

கழுத்தில் பெரிய ரத்தக் குழாயின் பின்னால் ஓடும் பரிவு நரம்பு (சிம்பதடிக் நரம்பு) இழுபட்டிருக்கலாம். இமை லேசாக இறங்கும், அந்தப் பக்கக் கண்பாப்பா சிறுத்திருக்கும், முகத்தின் அந்தப் பாதியில் வியர்வை குறையும். ஹார்னர் நோய்க்குறி என்று பெயர். அறுவை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். நரம்பு இழுபட்டது மட்டும் என்றால் மாதங்களில் தேறலாம்.

கால்சியத்துக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு?

கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகள் (தைராய்டை ஒட்டியிருப்பவை) அறுவையில் சேதமாகி, கால்சியம் ஆண்டுக்கணக்கில் குறைந்தே இருந்தால் புரை சீக்கிரம் வரும். விரல் மரத்துப்போதல், தசைப் பிடிப்பு நின்றுவிட்டது என்பதற்காகக் கால்சியம் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். நிரந்தரக் குறைபாடு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனையில் லென்ஸையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அயோடினுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் கண்ணோரம் ஒரு புள்ளி தெரிகிறதாம். பரவிவிட்டதா?

பெரும்பாலும் கண்ணீர்ப்பையில் தேங்கிய அயோடின்தான். சிலசமயம் அடைப்பின் முதல் தடயமும் அதுவே. அறிக்கை எழுதியவரிடம் கேளுங்கள்; நீர் வடிதலும் இருந்தால் கண் மருத்துவரிடம் அந்தப் படத்தையே காட்டுங்கள்.

இரண்டாவது தடவை அயோடின் எடுக்கச் சொல்கிறார்கள். முதல் தடவைக்குப் பிறகே நீர் வடிகிறது.

அதை அணு மருத்துவரிடம் சொல்லி, தேதி வைக்கும் முன்பே நாளத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அடைபட்ட பையில் கதிரியக்கக் கண்ணீர் வடியாமல் நின்றால் அந்த இடம் வாங்கும் கதிர்வீச்சு கூடும். குழாய் வைப்பதோ அறுவையோ அயோடினுக்கு முன்னா பின்னா என்பது நோய் எவ்வளவு அவசரம் என்பதைப் பொறுத்தது. இரண்டு மருத்துவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசித் தீர்மானிக்க வேண்டியது. முன்னதாக அறுவை செய்வதானால், கழுவப் போவிடோன் அயோடின் வேண்டாம் என்று கண் அறுவைக் குழுவுக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.